இடுப்புத் துப்பாக்கி முதலாளி

இடுப்புத் துப்பாக்கி முதலாளி என்றொரு புது ஜீவராசி நம் பக்கத்துக் கடைவீதிகளில் பெருகி வருகிறது. இரத்தினபுரியில் கல் வியாபாரிகளுக்கு நடுவே பார்த்திருப்பீர்கள், கேகாலையில் லொறிக்காரர்களுக்கு நடுவே பார்த்திருப்பீர்கள், ஏன், எங்கள் தெரணியகலையிலேயே உண்டு. பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்காரமாட்டார், உட்கார்ந்தால் குத்தும். கீழே விழுந்த சில்லறையைக் குனிந்து எடுக்கமாட்டார். குனிந்தால் சட்டை தூக்கும். கடை வாசலில் நிற்கும்போது வலது கை மட்டும் வயிற்றுவலிக்காரனைப் போல இடுப்போடு ஒட்டியே இருக்கும். "என்னங்க, வயிறு சரியில்லையா?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மனிதர் முகம் வாடிப்போகும்.

வாடாதா பின்னே? யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைக்கத்தான் அதை வாங்கினார். ஆனால் உண்மையிலேயே யாருக்கும் தெரியாமல் போய்விட்டால் வாங்கி என்ன பிரயோசனம்?

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் பிறந்து, வெறுங்கையோடு டவுனுக்கு இறங்கி, இந்த வீதியில் முதல் இரும்புக் கடை போட்டவன். எண்பத்து மூன்று கலவரத்தில் அதை எரித்தார்கள். முன்னதைவிட ஒரு கதவு பெரிதாகக் கட்டினேன். அப்போதும் சரி, இப்போதும் சரி, என் இடுப்பில் சாரத்தைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை. பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

சரி, ஆளைக் காட்டிவிடுகிறேன். ஏழுமலை முதலாளி. தேயிலைக் கொழுந்து சேர்த்து ஃபேக்டரிக்கு ஏற்றுகிற லொறிக்காரர், மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர். சண்டை நடக்கிற இந்தக் காலத்தில், தமிழன் வெங்காயம் வெட்டுகிற கத்தியைப் பையில் கொண்டு போனாலே பொலிஸில் பாய் போட்டுக் கொடுக்கிற காலத்தில், இரண்டு எலெக்சனுக்கு யாரோ ஒரு பெரியவரின் பின்னால் மாலையைத் தூக்கிக்கொண்டு நடந்து, பிஸ்டலுக்கு லைசன் வாங்கிவிட்டார். களவெடுக்க அவரிடம் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். இனி அந்தப் பிஸ்டல் இருக்கிறதே!

லைசன் கிடைத்ததும் எந்த அளவில் வாங்குவது என்ற பெரும் யோசனை வந்தது. நீளமானதை வைத்தால் சாரத்தைக் கீழே இழுக்கும். அவிழ்ந்தால் உயிர் தப்பலாம், மானம் தப்பாது. ரொம்பச் சின்னதாக இருந்தால் கள்ளன் சிகரெட் லைட்டர் என்று நினைத்து நெருப்புக் கேட்பான். தடித்தது புடைக்கும், தட்டையானது வழுக்கும். என்ன செய்தார் தெரியுமா? துணி துவைக்கிற சவர்க்காரத்தை வாங்கி, முழுக் கட்டி, முக்கால் கட்டி, அரைக் கட்டி என்று வெட்டி, தினம் ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு டவுனைச் சுற்றினார். கள்ளன் பார்வையில் படுகிறதா என்று பரீட்சையாம்!

எங்கள் ஊர் மழையை அவர் கணக்கில் எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டார். நனைந்தார். சாரத்தின் முன்பக்கமாக நுரை பொங்கி, முழங்காலைத் தாண்டி, செருப்பு வரை வழிந்தது. கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருந்த சுப்பம்மா நின்று பார்த்தாள். அவள் வாய்க்குப் பயந்து தோட்டத்துத் துரைமார்களே வேறு பாதையில் போவார்கள்.

"என்ன மொதலாளி, நின்னுக்கிட்டே துணி தொவைக்கிறீங்களா? அப்படியே எம் மாராப்பையும் தரட்டுமா?"

முக்கால் கட்டி அளவு என்று கடைசியில் முடிவானது. கொழும்பில் போய் வாங்கினார். தையல்காரர் சாலி நானாவைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, சாரத்தின் உட்புறம் இரகசியமாக ஒரு பை தைக்கச் சொன்னார். சாலி நானா நல்ல மனிதர், சத்தியம் காப்பவர். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏழுமலையேதான் மாலைக்குள் வீதி முழுக்கச் சொல்லி முடித்தார். என் கடைக்கும் வந்தார். குறுக்கும் நெடுக்குமாக நடந்தார்.

"அண்ணே, தெரியுதா?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல. தெரியுதான்னு கேட்டேன்."

"தெரியலையே."

"நல்லாப் பாருங்க அண்ணே. வெளக்க போட்டுப் பாருங்க."

தெரிகிறது என்றால் பதறுவார். தெரியவில்லை என்றால் அழாத குறை. இவரை என்ன செய்வீர்கள்?

கள்ளன் எவனும் இவரைத் தேடி வரவில்லை. ஆமிக்காரன்தான் நாளுக்கு நாலு தடவை வழிமறித்தான். லொறி பழுதானால் முதலாளி பஸ்ஸில் ஏறுவார். செக் பொயின்டில் எல்லாரும் அடையாள அட்டையை நீட்டும்போது இவர் மட்டும் இரண்டு கையையும் கூரைக்குத் தூக்கிக்கொண்டு, "மாத்தயோ, மங் லங்க பிஸ்தோலயக் தியனவா" என்று, தன்னிடம் பிஸ்டல் இருப்பதைச் சிங்களத்தில் ஒப்புவிப்பார். கள்ளனிடம் ஒளிப்பதை இராணுவத்திடம் ஒப்புவிக்காவிட்டால் உயிர் போய்விடும் அல்லவா? உடனே பஸ் முழுக்க இறங்கவேண்டும். பிள்ளைக்காரிகள், கிழவர்கள், கூடைகள், கோழிகள், எல்லாம் வெயிலில். லைசனை மேலும் கீழும் புரட்டி, எங்கோ டெலிபோன் கோல் எடுத்து விசாரித்து முடிவதற்குள் தோட்டத்தில் பேர் போட்டு முடிந்திருக்கும், வேலைக்குப் போகிறவர்களுக்கு அன்றைய கூலி போச்சு. தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக்காரன் மூக்கையா ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டான்.

"ஏன் மொதலாளி, ஒங்களுக்குப் பாதுகாப்பு வேணும், சரி. எங்களுக்கு ஒங்ககிட்டயிருந்து பாதுகாப்பு வேணுமே, அதுக்கு எந்தக் கந்தோர்ல லைசன் குடுக்கிறாங்க?"

இதெல்லாம் போகட்டும். இனிமேல்தான் விசயம்.

பாதுகாப்புக் காரணம் சொல்லி மூன்று வருடமாக எங்கள் திருவிழாவுக்கு அனுமதி இல்லை. அம்மன் மூன்று வருடமாகத் தேர் ஏறவில்லை. லயத்துப் பெண்கள் நேர்த்திக்கடனை மனதிலேயே சுமந்துகொண்டு திரிந்தார்கள். இந்த வருடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கினோம். பொலிஸார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: கோயில் வளவுக்குள் ஆயுதம் என்று ஒன்று இருந்தால் அந்த நிமிசமே திருவிழா நிற்கும். அதை ஏற்றுக் கையெழுத்து வைத்தவர் யார்? கமிட்டித் தலைவர் ஏழுமலை முதலாளியேதான்!

தேர் நாள். மேளம் முழங்குகிறது. சுப்பம்மா தலைமையில் பெண்கள் மஞ்சள் கரைத்த குடங்களோடு, வேப்பிலைக் கொத்தோடு நிற்கிறார்கள். வாசலில் பொலிஸ் சார்ஜன் மாத்தயா காவலுக்கு நிற்கிறார். தலைவருக்குப் பரிவட்டம் கட்டி, தேங்காய் பழம் வெற்றிலையோடு முதல் காளாஞ்சி கொடுத்தால்தான் தேர் நகரும். ஐயர் தட்டோடு வந்து, காலம் காலமாகச் சொல்கிறதைச் சொன்னார்.

"சட்டையைக் கழட்டிட்டு முன்னால வாங்கோ."

ஏழுமலை அசையவில்லை. கை இடுப்புக்குப் போனது.

ஊர் முழுக்கச் சட்டென்று விளங்கிக்கொண்டது. கொண்டுவந்திருக்கிறார்! சாமி கும்பிட வருகிற இடத்துக்கும் அந்த முக்கால் கட்டியைச் செருகிக்கொண்டு வந்திருக்கிறார்! சாரம் என்றால் சாலி நானா தைத்த பையாவது இருக்கும். பட்டு வேட்டி மடிப்பில் செருகி, சட்டையால் மூடி வைத்திருக்கிறார். சட்டையைக் கழற்றினால் கைப்பிடி பல்லைக் காட்டும். பக்கத்தில் நின்ற அவர் மனைவி வெள்ளையம்மா பல்லைக் கடித்தபடி கேட்டது எனக்கே கேட்டது.

"பாவி மனுசா, இன்னைக்குமா?"

"கழட்டுங்கோ, நேரம் போறது" என்றார் ஐயர்.

"இல்ல சாமி... ஒடம்புல... கொப்புளம் மாதிரி..." என்று உளறினார் முதலாளி.

மேளம் நின்றது. சார்ஜன் எட்டிப் பார்த்தார். "மொக்கத மே?", இது என்ன என்று கேட்டபடி உள்ளே ஓர் அடி வைத்தார். மூன்று வருடக் காத்திருப்பு அந்த ஓரடியில் நின்றது.

அப்போதுதான் சுப்பம்மா ஆகாயம் கிழிகிறமாதிரிக் குலவையிட்டாள்.

"ஆத்தா! ஆத்தா எறங்கிட்டா! மொதலாளிக்கு அம்மை போட்டிருக்கு!" என்று கத்தியவள், சார்ஜன் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் அலறினாள். "தெய்யன்கே லெடே மாத்தயோ! லங் வென்ன எப்பா!" சாமி நோய், கிட்டே வராதீங்க என்று.

அம்மை என்றால் எல்லா மதத்துக்கும் பயம்தான். சார்ஜன் வைத்த அடியை எடுத்து, கூடவே இன்னும் பத்தடி பின்னால் போனார். அதற்குள் பெண்கள் முதலாளியைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். வேப்பிலையால் தலையிலிருந்து இடுப்பு வரை மூடினார்கள். இடுப்பில் மட்டும் கொஞ்சம் அதிகம். பிறகு மஞ்சள் தண்ணீர், குடம் குடமாக. பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நின்றவள் ஒவ்வொருத்தியும் ஒரு குடம் ஊற்றினாள் என்று நினைக்கிறேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல புள்ள!"

"ஆத்தா உள்ளவங்க பேசக் கூடாதுங்க மொதலாளி. வாய மூடுங்க."

த்ரீவீலில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மை கண்டவர் வெளியே தலை காட்டலாமா? தேர் வீதி சுற்றியதையும், கரகம் ஆடியதையும், மூன்று வருட நேர்த்திக்கடன் ஒரே நாளில் இறங்கியதையும் அவர் சன்னல் இடுக்கு வழியாகத்தான் கேட்டார். மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை வெள்ளையம்மா உப்பில்லாத கஞ்சிதான் கொடுத்தாள். "ஊருக்கு முன்னால அம்மைன்னு ஆயிருச்சு, நாமளும் அம்மையா நடந்துக்குவோம்" என்று சொல்லிவிட்டாளாம். மறுநாள் என் கடைக்கு வந்து துருவுக்கு எண்ணெய் கேட்டாள். என்னத்துக்கு என்று நான் கேட்கவில்லை. நானும் மரியாதை தெரிந்தவன்.

அந்தத் துப்பாக்கி உண்மையாகவே ஒளிந்திருந்தது அந்த ஒரு நாள்தான். அதையும் அவர் ஒளிக்கவில்லை. ஊர் ஒளித்தது.

முதல் காளாஞ்சி யாருக்குப் போனது என்று கேட்கிறீர்களா? சுப்பம்மாவுக்குக் கொடுக்கலாமா என்று கமிட்டி கூடிக் கூடிப் பேசியது. அதற்குள் நான் சட்டையைக் கழற்றிவிட்டேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் பிஸ்டலும் இல்லை, லைசனும் இல்லை. ஆனால் அவிசாவளையில் சத்தமில்லாமல் வாங்கிய காணி ஒன்று இருக்கும், பெரிய இடத்தில் யாரோ ஒருவரின் தொலைபேசி நம்பர் இருக்கும், மகனுக்கு வந்த வெளிநாட்டு விசா இருக்கும். "யாருக்கும் சொல்லிராதீங்க" என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறீர்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஊர் தெரியாததுபோல இருக்கிறதென்றால், தெரியாது என்று அர்த்தமில்லை. யாரோ ஒருத்தி இப்போதே மஞ்சள் இடிக்கத் தொடங்கியிருக்கலாம்.