கண்மாயில் எடுத்த நாற்பத்திரண்டாவது படம்

காலை ஒன்பது பதினேழுக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்றால், கேமரா ஒவ்வொரு படத்தோடும் நேரத்தையும் பதிந்து வைத்துவிடுகிறது. ஒரு மனிதன் எந்த நிமிடத்தில் முட்டாளானான் என்பதற்கு இதைவிடச் சுத்தமான சாட்சி கிடையாது.

நான் சிவகாசியில் இருபது வருடமாகப் படம் எடுத்துப் பிழைப்பவன். கல்யாணம், காதுகுத்து பக்கம் போவதில்லை. அச்சகங்களுக்கும் பட்டாசுக் கம்பெனிகளுக்கும்தான் வேலை. உங்கள் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் விழுகிற அருவி என்னுடையதாக இருக்கலாம். மத்தாப்புப் பெட்டியின் மேல் சிரிக்கிற குழந்தை அநேகமாக என்னுடையதுதான் (அதன் முன்பல்லில் ஒன்று நான் கம்ப்யூட்டரில் கட்டியது).

கார்த்திகையில் என் மகள் பவித்ரா ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். வேதியியல் படித்தவள். பேங்குக்குப் போவாள், பள்ளிக்கூடத்துக்குப் போவாள் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, எனக்குத் தெரியாமல் விண்ணப்பம் போட்டு, வெடிமருந்துக் கலவையைச் சரிபார்க்கிற மேற்பார்வையாளர் வேலையை வாங்கிவிட்டாள். வீட்டில் நடந்த சண்டையில் நான் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. "படிச்ச புள்ள போற இடமா அது?" என்பதுதான் அதில் ஆக மரியாதையான வாக்கியம். அவள் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "வேன் வந்துரும், நகருங்கப்பா" என்றாள்.

அன்றோடு என் கண் செத்துப்போனது. இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கேமரா அதே கேமரா. லைட் அதே லைட். ஆப்பிளைப் படம் எடுத்தால் ஆஸ்பத்திரிக்கு வாங்கிப்போன ஆப்பிள் மாதிரி இருந்தது. குழந்தையைச் சிரிக்க வைத்தால் ஊசி போடுவதற்கு முந்திய நொடி மாதிரி இருந்தது. ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் வெளிவந்தாக வேண்டும். பன்னிரண்டு படத்துக்கு ஆர்டர். தை பாதி முடிந்தும் கையில் ஒன்றுமில்லை. அச்சகக்காரர் நான் கொடுத்த மாதிரிகளைப் புரட்டிவிட்டு, "எளவு வீட்டுல வச்சு எடுத்தீகளா?" என்று விசாரித்தார்.

என் மனைவி செல்விதான் வழி சொன்னாள். "கல்யாணமான புதுசுல எந்நேரமும் தண்ணியத்தானே எடுத்துக்கிட்டுத் திரிஞ்சீக? அதையே போயி எடுங்க. இங்கன உக்காந்து எங்க உசுர எடுக்காதீக."

உண்மைதான். என் முதல் கேமராவில் இருந்ததெல்லாம் தண்ணீர். வாளியில் தளும்புவது, லாரித் தடத்தில் தேங்கியது, குழாயடியில் சிந்தியது. மழை பெய்தால் பட்டாசு காயாது, பெய்யாவிட்டால் குடிக்க இல்லை. தண்ணீரோடு எங்கள் ஊருக்கு எப்போதும் தகராறு. அதனாலேயோ என்னவோ எனக்கு அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கப் பிடிக்கும்.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு கண்மாய்க்குப் போனேன். மார்கழி மழையில் நிரம்பியிருந்தது. அங்கிருந்து பவித்ராவின் கம்பெனி ஒன்றரைக் கிலோமீட்டர். தற்செயல் என்று செல்வியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

வேட்டியை அவிழ்த்துக் கரையில் பைக் மேல் போட்டுவிட்டு, நைலான் அரைக்கால் சட்டையோடு, முக்காலியும் கேமராவுமாக இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். முதல் பத்துப் படம் வழக்கம்போலப் பிணம். அப்புறம் ஒரு நீர்க்கோழி குறுக்கே போனது. அது கிழித்துப்போன கோடு அகலமாகி, அகலமாகி, என் இடுப்பில் வந்து தொட்டது. எனக்குள் ஏதோ அவிழ்ந்தது. அதற்கப்புறம் கை தானாக ஓடியது. சீமைக்கருவேல மரம் தலைகீழாக நிற்பது, ஒரு தும்பி தன் நிழலைத் தொடுவது. முப்பதாவது படத்துக்குள் எனக்கு மகள் என்று ஒருத்தி இருப்பதே மறந்துவிட்டது. இரண்டு மாதத்தில் முதல் தடவை. அந்த மறதிக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நாற்பத்திரண்டாவது படம். விரல் அழுத்துகிற நொடியில், காதில் கேட்பதற்கு முன்னால், தண்ணீரில் தெரிந்தது. வழவழவென்று கிடந்த நீர் மொத்தமும் குதிரைத் தோல் மாதிரி ஒரு தடவை சிலிர்த்தது. பிறகுதான் சத்தம்.

எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் சத்தத்தில் தராதரம் தெரியும். கோயில் வேட்டு எது, கம்பெனியில் சோதித்துப் பார்க்கிற வெடி எது, கல்குவாரியில் பாறை உடைப்பது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். ஐம்பது வயதான எனக்கும் முந்தின நாள் வரை தெரியும். ஆனால் கம்பெனி இருக்கிற திசையில் புகை எழும்பி நின்றது. அதைப் பார்த்தபின் நான் சிவகாசிக்காரன் இல்லை. வெறும் அப்பன்.

திரும்பினேன், வழுக்கினேன், கேமராவோடு முழுசாக முங்கினேன். எழுந்து கரையேறி வேட்டி மடிப்பிலிருந்து போனை எடுத்து அவளுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று தெரியும். தெரிந்தும் அடித்துக்கொண்டே ஓடினேன், அவளைத் திட்டிக்கொண்டே. எடுத்தால் என்ன, ஒரு தடவை எடுத்தால் என்ன. (இந்த இடத்தில் செல்வி ஒரு விவரம் சேர்க்கச் சொல்வாள்: பைக் அங்கேயே நின்றது. அதன் மேலிருந்த வேட்டியிலிருந்துதான் போனை எடுத்தேன். சாவி அதே மடிப்பில் இருந்தது. அதைத் தாண்டித்தான் ஓடினேன்.)

முள்ளுக்காட்டு வழியாக, செருப்பில்லாமல், உடம்பெல்லாம் சேறாக, முக்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு ஒருவன் கத்திக்கொண்டு ஓடினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆடு மேய்த்தவர் ஆட்டை விட்டுவிட்டு மரத்தில் ஏறினார்.

கேட்டில் வாட்ச்மேன் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தகரப் பெட்டி, உள்ளே வேலையாட்களின் போன்கள். "காமணி நேரமா இந்தப் பெட்டி கத்திக்கிட்டே கெடக்கு. நீங்கதானா அது?" என்று நிதானமாகக் கேட்டார். நான் வெடித்துவிட்டது, வெடித்துவிட்டது என்று கூவினேன். கேமரா உள்ளே வரக் கூடாது என்றார். போன் கூடாது. நைலான் துணி கூடவே கூடாது, உரசினால் பொறி வரும். நான் அவரைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தேன். அவரும் சத்தத்தைக் கேட்டிருந்தார். அது எது என்று அவருக்குத் தெரிந்துமிருந்தது. ஆனால் ஒருவன் இப்படி வந்து நின்று அலறினால் ஒன்றுமில்லை என்று தானாக முடிவுகட்ட அவருக்கு உரிமை இல்லை. எழுந்துபோய் மணியை அடித்தார்.

மணி அடித்தால் கையில் இருப்பதைப் போட்டது போட்டபடி விட்டு வெளியே வர வேண்டும். வந்தார்கள். அறை அறையாகப் பெண்கள், கையெல்லாம் வெள்ளி நிற மருந்தோடு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் ஓடி வந்தார்கள். அந்த அமைதி எனக்கு இப்போதும் கனவில் வருகிறது. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கூடினார்கள். என்னையும் அங்கே நிறுத்தினார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பவித்ரா இல்லை.

போர்மேனைப் பிடித்து உலுக்கினேன். மணி அடித்தால் எல்லா அறையிலும் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டுக் கடைசியாக வெளியே வர வேண்டியது மேற்பார்வையாளர் என்றார். "பாப்பா உள்ள போயிருக்கு."

அதாவது, எல்லோரும் வெளியே பத்திரமாக நிற்க, பாதியில் விட்ட மருந்துகளுக்கு நடுவே தனியாக ஒரே ஒருத்தி நடந்துகொண்டிருந்தாள். அவளை அங்கே அனுப்பியது என் வாய்.

அதற்குள் வேன் டிரைவர் நாலு இடத்துக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டார். குவாரி வேட்டுதான், மத்தியானம் வைப்பதை இன்று காலையிலேயே வைத்திருக்கிறார்கள். அந்தப் புகை? கருவேல விறகில் கரிமூட்டம் போட்டிருக்கிறார்கள், மூன்று நாளாகப் புகைகிறது, ஊருக்கே தெரியும்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாராவது சிரித்திருந்தால் பிழைத்திருப்பேன். கலந்த மருந்தைப் பாதியில் விட்டால் அன்று மறுபடி தொட விடமாட்டார்கள். அவர்களுக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. அன்றைய நாள் போச்சு. பேச்சியம்மாள் என்ற அக்கா முன்னால் வந்து நின்றார். கோபத்தில் அவருக்குக் குரல் உயரவில்லை, தாழ்ந்தது.

"ஏண்ணே, பெட்டிக்குப் படம் எடுக்கிறவுகதானே நீங்க? இருவது வருசமா இந்த கேட்டுக்கு வந்துட்டுப் போறீக. நானும் இருவது வருசமா உள்ள உக்காந்திருக்கேன். ஒரு நாளாச்சும் இப்பிடி ஓடி வந்தீகளா?"

மகள் மேல், குவாரிக்காரன் மேல், கரிமூட்டத்தின் மேல், எடுக்காத போன் மேல் என்று அதுவரை கொதித்த கோபமெல்லாம் சுற்றிக்கொண்டு என்மேலேயே வந்து உட்கார்ந்தது. இன்றுவரை அங்கிருந்து நகரவே இல்லை. கேமரா செத்தது, படம் பதிந்த கார்டு பிழைத்தது. நாற்பத்திரண்டாவது படம் நான் எடுத்ததிலேயே நல்ல படம் என்கிறார் அச்சகக்காரர். ஐப்பசி மாதத்துக்குப் போடலாம் என்றார். கொடுக்க மறுத்துவிட்டேன்.

அன்று வேப்பமரத்தடிக்குக் கடைசியில் பவித்ரா வந்தாள். கையில் வருகைப் பதிவேடு, தலையில் காட்டன் துண்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வரிசையாக ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். பேச்சியம்மாளைத் தொட்டாள். அடுத்து நான். சேறும் நைலானுமாக நின்ற என் தோளையும் தொட்டாள். அவள் விரல் ஜில்லென்று இருந்தது. பிறகு போர்மேனிடம் அவள் சொன்னதைத்தான் இப்போதும் செல்வி எனக்குச் சோறு போடும்போதெல்லாம் சொல்லிக் காட்டுகிறாள்.

"எண்பத்து மூணு பேரும் வெளிய வந்தாச்சு சார். இங்கன ஒரு ஆளு அதிகமா நிக்கிறாரு. வேட்டி கட்டச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிருங்க."