வண்டிக்குப் புதுக் கை

தன் பிக்கப் வண்டியின் அடியில் என்ன இருக்க வேண்டும் என்பதை இனிமேல் தானே முடிவு செய்வதென்று தீர்த்தகிரி ஒருநாள் சபதம் எடுத்தான். வாய்விட்டுச் சொல்லவில்லை. பக்கத்தில் அன்பரசி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

வண்டி அவள் பேரில் இருந்தது. ஓட்டுவது மட்டும் அவன். தொப்பூருக்கு முன்னால், பைபாஸ் ஓரத்தில் அவர்கள் ஊர். வத்தல்மலை ஏறி இறங்குவதும் சேலத்துக்குக் காய்கறி கொண்டுபோவதுமாக ஓடி ஓடி, முன்சக்கரத்தின் பக்கம் லேசாக ஒரு சத்தம் வர ஆரம்பித்திருந்தது. சக்கரத்தின் மேல்பக்கத்தை வண்டியின் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கிற இரும்புக் கை ஒன்று உண்டு. மெக்கானிக்குகள் அப்பர் ஆர்ம் என்பார்கள். வழக்கமாக வண்டி பார்க்கும் மாதையன் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, கைக்கு ஒன்றுமில்லை, அதிலுள்ள ரப்பர் புஷ்ஷை மாற்றினால் போதும் என்றான்.

தீர்த்தகிரிக்கு அது பிடிக்கவில்லை. செல்போன் வீடியோவில் ஒருவன் பாறைமேல் வண்டியை ஏற்றி இறக்கி, செக்கச்செவேலென்று ஒரு ஜோடி ஆர்மைக் காட்டி, உங்கள் பேரப்பிள்ளை காலம்வரை உழைக்கும் என்று சொல்லியிருந்தான். தீர்த்தகிரியின் மகன் அப்போதுதான் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தான். இருந்தாலும் பேரப்பிள்ளைக்கு ஏதாவது சேர்த்துவைப்பது நல்லது என்று தீர்த்தகிரிக்குத் தோன்றியது.

ஒரு பேச்சுக்கு அன்பரசியிடம் சொல்லிப்பார்த்தான்.

"கம்பெனிக்காரன் குடுத்த கை நல்லாத்தான இருக்குது. கட்டினது இருக்கும்போது வேற கைய எதுக்குங்க தேடறீங்க?" என்றாள்.

அவள் எதைப் பற்றிச் சொல்கிறாள் என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. கேட்கவில்லை.

மொரப்பூரில் அக்கா வீட்டு விசேஷத்துக்கு அவள் பஸ் ஏறிய அன்றே அவன் கிருஷ்ணகிரிக்கு வண்டியை விட்டான். மாதையனுக்குத் தெரிந்தால் அன்பரசிக்குத் தெரிந்த மாதிரி. அதனால் முன்பின் தெரியாத ஒரு கடையில் புதுக் கைகளை மாட்டினான். மாட்டி முடித்து எட்ட நின்று பார்த்தபோதுதான் அன்பரசியின் கண் நினைவுக்கு வந்தது. சக்கரத்துக்கு மேலே இருந்த இடைவெளியில் சிவப்பு பளிச்சென்று தெரிந்தது, நாக்கைத் துருத்திக்கொண்டு நிற்பது போல. உடனே ஒரு டப்பா கறுப்புப் பெயின்ட் வாங்கி, தன் கையால், புதுக் கை முழுக்கப் பூசினான். ஆசைப்பட்டு வாங்கியதற்குத் தானே கரி பூசுகிறோமே என்று மனசு கனத்தது. கழற்றிய பழசைச் சாக்கில் சுற்றி மாட்டுக் கொட்டாயில் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் செருகினான்.

கொஞ்ச நாளிலேயே சத்தம் திரும்பி வந்தது. முன்பு லேசாக இருந்தது, இப்போது டொக்கு டொக்கென்று இடித்தது. அன்பரசி பக்கத்தில் இருக்கும்போது பள்ளம் வந்தால் ரேடியோவைக் கூட்டிவைத்தான். பாட்டென்றால் பரவாயில்லை. செய்தி ஓடினாலும் கூட்டினான். விவசாயிகளுக்கான நிகழ்ச்சியில் ஒருவர் வேர்ப்புழுவைப் பற்றிப் பேசியதை ஊர் முழுக்கக் கேட்கவைத்தான். அன்பரசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு ஓசூரில் ஒரு கல்யாணத்துக்குப் பஸ்ஸில் தனியாகப் போய்விட்டுத் திரும்பி வந்து வண்டியை எடுத்தால், சத்தமே இல்லை. பூ மாதிரி போனது. தீர்த்தகிரிக்குப் புரிந்துவிட்டது. புதுச் செருப்பு முதலில் கடிக்கும், அப்புறம் காலுக்குப் பழகிவிடும். இதுவும் அப்படித்தான். செட்டாகிவிட்டது.

காரிமங்கலம் சந்தையில் வண்டிகள் நிற்கிற இடத்தில் இதை அவன் ஒரு சித்தாந்தமாகவே சொல்ல ஆரம்பித்தான். முதலில் சத்தம் வரும், பயப்படாதீர்கள், தானாகச் செட்டாகும், அப்புறம் ஆயுசுக்கும் அசையாது. குனிந்து பார்த்தாயா என்று யாராவது கேட்டால் சிரித்தான். குனிந்தால் அன்பரசி என்ன பார்க்கிறீர்கள் என்பாள். அதற்குப் பயந்து மாட்டிய நாளிலிருந்து அவன் தன் வண்டிக்கு அடியில் குனிந்ததே இல்லை.

அவன் பேச்சைக் கேட்டு முத்துராஜ் அதே ஜோடியை வாங்கி மாட்டிக்கொண்டான். முத்துராஜ் வயதில் சின்னவன். தீர்த்தகிரியை அண்ணன் என்றே கூப்பிடுவான், சொன்னால் நம்புவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தீர்த்தகிரி சோற்றில் குழம்பை ஊற்றும்போது முத்துராஜ் போனில் வந்தான். அன்பரசி காதில் விழக் கூடாதென்று தட்டோடு வெளியே போனான்.

காரிமங்கலத்தில் தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு சேலத்துக்குக் கிளம்பியிருந்தான் முத்துராஜ். மனைவி அம்பிகாவும் கூட வருகிறாள். நாலைந்து நாளாக இடிக்கிற சத்தம் இன்று ஜாஸ்தியாகிவிட்டது, ஸ்டியரிங் இடதுபக்கம் இழுக்கிறது, தருமபுரியில் நிறுத்திக் காட்டட்டுமா என்று கேட்டான்.

"அட, அதெல்லாம் செட்டாயிடும் முத்துராசு. எனுக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. இப்ப பாரு, ஒரு சத்தம் உண்டா? தைரியமாப் போ."

போனை வைத்துவிட்டுத் திரும்பினான். வாசலில் அன்பரசி நின்றிருந்தாள்.

முத்துராசுக்கு என்ன என்றாள். பஞ்சராம் என்றான்.

"அவனும் அந்தச் செவப்புக் கையத்தான் போட்டிருக்கறானா?"

"எந்தச் செவப்பு?"

"கறுப்புப் பெயின்ட் அடிச்ச செவப்பு."

தீர்த்தகிரியின் தட்டிலிருந்து குழம்பு ஒழுகிக் காலில் சொட்டியது. சுட்டது. நகரவில்லை.

"நம்ம வண்டியில இப்ப இருக்கறது அது இல்லைங்க," என்றாள் அன்பரசி. "பழசு."

வேர்ப்புழு நிகழ்ச்சியன்றே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். பள்ளம் வரும்போதெல்லாம் புருஷனுக்கு ரேடியோ ஆசை வருகிறதே என்று, அவன் ஓசூர் போனதும் மாதையனை வீட்டுக்கு வரவழைத்தாள். மாதையன் உரசிப் பார்த்தான், கறுப்புக்கடியில் சிவப்பு. சக்கரத்தோடு சேருகிற முனையில் குண்டு மூட்டு ஒன்று இருக்கும். அதை மூடிய ரப்பர் அதற்குள்ளேயே கிழிந்து, மண் புகுந்து, மூட்டு தளர்ந்து ஆடியதாம். கொட்டாயிலிருந்து பழைய கையை எடுத்துக் கொடுத்தாள். புது புஷ் போட்டு அதையே மாட்டிவிட்டுப் போனான். என்றைக்காவது புருஷன் தானாக வாய் திறப்பான் என்று அவள் காத்திருந்தாள். அவன் சந்தையில் வாய் திறந்தது அவளுக்குத் தெரியாது.

தீர்த்தகிரிக்குக் கோபம் வந்தது. தன்னை இத்தனை நாள் முட்டாளாக்கியிருக்கிறாள். ஆனால் கோபம் நெஞ்சுவரை வருவதற்குள் தொப்பூர் கணவாய் நினைவுக்கு வந்துவிட்டது. தேங்காய் லோடு. நீள இறக்கம். முன்னாலும் பின்னாலும் லாரிகள். அங்கே அந்த மூட்டு கழன்றால் சக்கரம் வெளிப்பக்கமாகச் சாய்ந்துவிடும். அப்புறம் பிரேக் இருந்தும் பிரயோஜனமில்லை.

முத்துராஜுக்குப் போட்டான். எடுக்கவில்லை. மறுபடி போட்டான். தைரியமாகப் போ என்று தீர்த்தகிரி சொன்னதை நம்பி, முத்துராஜ் போனைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தைரியமாகப் போய்க்கொண்டிருப்பான். அன்பரசி அம்பிகாவின் எண்ணுக்குப் போட்டாள். அம்பிகாவின் மகள் எடுத்தாள். அம்மா போனைச் சார்ஜில் விட்டுவிட்டுப் போய்விட்டாள், ஏன் பெரிம்மா என்று கேட்டது அந்தப் பெண்.

"சும்மாதான் கண்ணு," என்றாள் அன்பரசி. போனை வைத்ததும் செருப்பை மாட்டினாள்.

கணவாய்க்கு முன்னால் டோல்கேட் இருந்தது. எந்த வண்டியும் அங்கே வேகம் குறைத்தாக வேண்டும். சாவியை அவள்தான் எடுத்தாள். அவளும் லைசென்ஸ் வாங்கியவள். அவளே ஓட்டினாள். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது வண்டி சத்தமே போடவில்லை. அவனுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

டோல்கேட்டுக்கு முன்னால் அவனை இறக்கிவிட்டு, நீங்கள் இந்தப் பக்கம் பாருங்கள், நான் தாண்டிப் போய் நிற்கிறேன் என்றாள். வரிசை வரிசையாக வண்டிகள். தீர்த்தகிரி நடுவே புகுந்து ஒவ்வொரு பிக்கப்பாகப் பார்த்தான். முத்துராஜின் நீலத் தார்ப்பாய் என்று ஓடினால் தக்காளி. இன்னொன்றிடம் ஓடினால் கோழி. டோல்கேட் ஆள் கத்தினான். கடைசி வரிசையில் முத்துராஜின் வண்டி தெரிந்தது. இடது முன்சக்கரம் தலையைச் சாய்த்துக்கொண்டு உருண்டது. பேர் சொல்லிக் கத்தினான். ஹாரன் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. தடுப்புக் கட்டை மேலே எழுந்தது, வண்டி போய்விட்டது.

மூச்சிரைக்க அந்தப் பக்கம் ஓடிவந்தபோது, அன்பரசி தன் வண்டியைக் குறுக்கே நிறுத்தி முத்துராஜின் வண்டியை ஓரங்கட்டியிருந்தாள். முத்துராஜ் இறங்கி என்ன அண்ணி என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவள் சக்கரத்தைக் காட்டினாள். அவன் சக்கரத்தின் தலையைப் பிடித்து அசைத்தான். ஆடுகிற பல்லைப் போல ஆடியது. ரப்பர் கிழிந்து தொங்கியது. அம்பிகா சக்கரத்தைப் பார்த்தாள், சாலை இறங்கிப் போகிற பக்கத்தைப் பார்த்தாள், அப்படியே ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ஓடி வரும்போதே தீர்த்தகிரி ஒரு கதை தயார் செய்திருந்தான். "முத்துராசு, கம்பெனிக்காரங்க இப்பத்தான் போன் பண்ணி..." என்று ஆரம்பித்தான்.

"ஞாயித்துக்கெழமையாண்ணா?"

கதை அங்கேயே படுத்துவிட்டது. தீர்த்தகிரி அன்பரசியைப் பார்த்தான். இப்போது சொல்லப்போகிறாள், பெயின்ட், ரேடியோ, வேர்ப்புழு எல்லாம் சொல்லப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டான்.

"உங்க போனை வெச்சதிலிருந்து அவருக்குச் சோறு எறங்கல தம்பி," என்றாள் அவள். "எங்க வண்டிக்கும் இது ஒத்துக்கல. பழசத்தான் மாட்டியிருக்குது. உங்ககிட்டச் சொல்லணும்னு அவருதான் ஓடியாந்தாரு."

முத்துராஜ் யோசித்தான். "அப்ப செட்டாயிடும்னு சந்தையில சொன்னது?"

அன்பரசி வழிவிட்டு நகர்ந்து நின்றாள். இதற்குப் பதில் அவள் சொல்லமாட்டாள் என்று தீர்த்தகிரிக்குத் தெரிந்தது.

"அது தப்பு முத்துராசு. நான் குனிஞ்சு பாக்காமயே சொல்லிட்டன்."

முத்துராஜ் வண்டிக்குள் கைவிட்டுத் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தான். பிறகு அம்பிகாவைத் தூக்கி நிறுத்தித் தண்ணீர் கொடுத்தான். லோடு சாயங்காலத்துக்குள் சேலம் போயாக வேண்டும் என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தீர்த்தகிரிக்கு நன்றாக இருந்திருக்கும்.

தேங்காய் மூட்டைகளை இந்த வண்டியிலிருந்து அந்த வண்டிக்கு மாற்றினார்கள். முத்துராஜ் மேலே நின்று அடுக்கினான். சுமந்தது தீர்த்தகிரி. எந்த வண்டியில் எந்தக் கை இருக்கிறதென்று ஒவ்வொரு மூட்டையும் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது. பெண்கள் இரண்டு பேரும் முன்னால் ஏறிக்கொள்ள, முத்துராஜ் பழைய கை போட்ட அன்பரசியின் வண்டியை எடுத்தான். கணவாயில் அது ஒழுங்காக இறங்குவதைத் தீர்த்தகிரி வளைவு மறைக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். முத்துராஜின் வண்டிக்குக் காவலாக அவன்தான் இருக்க வேண்டியிருந்தது. மாதையனை வரச்சொல்லியாயிற்று என்று போகும்போது அன்பரசி சொல்லியிருந்தாள்.

மாதையன் டிவிஎஸ்ஸில், தன் பட்டறையில் கிடந்த ஒரு ஜோடி பழைய ஆர்மைக் கட்டிக்கொண்டு வந்தான். குசலம் விசாரிக்கவில்லை. ஜாக்கி வைத்து, கீழே படுத்து, வேலையைப் பார்த்தான். தீர்த்தகிரி பக்கத்தில் குந்தி ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான். உயிர் போகிற பயம் போய்விட்டதால் அவனுக்கு மெல்ல மெல்ல மனசு லேசானது. லேசான மனசில் யோசனைகள் வந்தன. இந்த மாதையன் அன்பரசிக்காக இத்தனை மாதம் மூச்சு விடாமல் இருந்திருக்கிறான். ரகசியம் காக்கத் தெரிந்தவன். அப்படியென்றால் தனக்காகவும் காப்பான். அவனை விட்டுக் கிருஷ்ணகிரிக்குப் போனதுதான் தப்பாகப் போய்விட்டது.

சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"மாதையா, அடுத்த வாரம் அவ மறுபடி மொரப்பூர் போறா. மஞ்சக் கலர்ல ஒரு ஷாக் அப்சார்பர் வந்திருக்குது. பயங்கர ஸ்ட்ராங்காம். நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

மாதையன் வண்டிக்கடியிலிருந்து தலையை நீட்டினான். எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தான்.

"மஞ்சளாங்கண்ணா? ஒரு நிமிசம் இருங்க. நீங்க அடுத்து என்ன கலரு கேக்கறீங்கன்னு அக்கா சாயங்காலத்துக்குள்ள சொல்லச் சொன்னாங்க."