ராட்டின மாமாவின் ஆறு வாளி

சாப்பாட்டு டப்பாவோடு கிணற்று ராட்டினத்தையும் ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போன மனிதர், எனக்குத் தெரிந்து உலகத்திலேயே எங்கள் ராட்டின மாமா ஒருவர்தான்.

எழுபதுகளில் மயிலாப்பூரில் பத்துக் குடித்தனங்கள் இருந்த வீட்டில் நாங்களும் ஒரு குடித்தனம். பத்துக்கும் ஒரே கிணறு. கோயில் குளம் வற்றிய வருஷம் கிணறும் அடிமட்டத்துக்குப் போயிற்று. இஷ்டத்துக்கு இறைத்தால் உப்பு ஏறிவிடும் என்று, எங்களோடு குடியிருந்த மாமா சட்டம் போட்டார். தலைக்கு இரண்டு வாளி. காலையில் பக்கத்தில் நின்று எண்ணுவார். முடிந்ததும் ராட்டினத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்.

“ராட்டினம் இல்லாம கையால இழுத்துட்டா?” என்று கேட்டேன்.

“கயிறும் பையிலதான் இருக்கு.”

ஒருநாள் கண்டக்டர், “இன்னா சார் பையில, இம்மாம் கனமா கீது?” என்றாராம். “பத்துக் குடும்பம்ப்பா” என்றாராம் மாமா.

வீட்டுக்காரரே மூன்றாவது வாளிக்கு மல்லுக்கு நின்றதைப் பார்த்து ஆடிப்போனேன். “ஓய், இது என் கிணறு.”

“கிணறு உம்மோடது. தண்ணி எல்லாரோடதும்.”

இதெல்லாம் ஒன்றுமே இல்லை. மாமாவின் ஒரே பெண் கமலாவைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வீட்டார் வந்தார்கள். பிள்ளையின் அம்மா கால் அலம்பத் தண்ணீர் கேட்டாள்.

“இன்னிக்கு எங்க பங்கு ஆயிடுத்து” என்றார் மாமா.

என் மனைவி அரை வாளியோடு ஓடினாள். “அது உங்க பங்கு. உள்ள கொண்டு வெச்சுடுங்கோ” என்று அவளையும் திருப்பி அனுப்பினார். சம்பந்தம் போயிற்று என்று மாமி தூணில் சாய்ந்துவிட்டாள்.

பட்டுப்புடவையோடு வந்த கமலா ஒரு வாளியை வைத்தாள். “அலம்பிக்கோங்கோ. இது என் பங்கு. நான் இன்னிக்குக் குளிக்கலை.”

பெண் பார்க்கும் நாளில் குளிக்காத பெண்ணை நாங்கள் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. அந்த அம்மாள் வாளியையும் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரே சொம்பில் காலை நனைத்துக்கொண்டாள். “எங்காத்துக் கிணறும் இப்படித்தான் கிடக்கு. நீ வந்துடும்மா” என்றாள்.

கல்யாணம் முடிந்து கமலா புகுந்த வீடு போன மறுநாள் காலை, மாமா தன் பங்கை இறைத்தார். இனி அவர் வீட்டில் இரண்டே தலை, நான்கே வாளி. ஐந்தாவதையும் இழுத்தார். ஆறாவதையும் இழுத்தார். அதிர்ந்துபோய் நின்றோம். ஏதோ நினைவு வந்தவர்போல, கயிற்றைப் பிடித்தபடி எங்களைப் பார்த்தார்.

“எத்தனை ஆச்சு?”

அரை வாளிக்குக்கூட அடித்துக்கொள்ளும் ஒன்பது குடித்தனமும் அங்கேதான் நின்றது.

“நாலுதான் மாமா” என்றேன். ஒருவரும் மறுக்கவில்லை.