இரைச்சல்

டீக்குப் போன ஐந்து இன்ஜினியர்களும் திரும்பி வருவதற்குள் குழுத் தலைவர் கிளமென்ட்டுக்குப் பொறுமை போய்விட்டது.

"வெள்ளிக்கிழமை பெங்களூர்லேருந்து கமிட்டி வருது. நீங்க சித்தீக் பாய் கடையில வடைக்குக் காத்துக்கிட்டு இருக்கீங்களா? இனிமே டீக்கு ஒருத்தரும் வாசலைத் தாண்டக்கூடாது!"

விண்மீன்களிலிருந்து வரும் மெல்லிய ரேடியோ அலையைப் பிடிக்கும் ரிசீவரை அந்தக் குழு செய்துகொண்டிருந்தது. மன்னார்குடியைத் தாண்டி, வயலுக்கு நடுவே கொட்டகை போட்டு, நாலு வருட உழைப்பு. கமிட்டி உதட்டைப் பிதுக்கினால் வேலை வேறு குழுவுக்குப் போய்விடும். கிளமென்ட் தூங்கியே பல நாள் ஆயிற்று.

மறுநாள் காலை, சுத்தமாக இருந்த ரிசீவர் திரையில் முள் மாதிரி ஒரு கோடு எழுந்து நின்றது. அதன் இரைச்சலில் வானம் மொத்தமும் அமுங்கிப்போனது.

"ரிசீவர்ல கோளாறு இல்ல சார்," என்றாள் குழுவில் இளையவளான ஆஷிகா. "பக்கத்துல ஏதோ கரண்ட் சாமான் ஓடுது. அது வந்து சார்..."

"வந்தும் வேணாம், போயும் வேணாம்! கண்டுபிடிக்கிற வரைக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் யாரும் வெளிய போகக்கூடாது!"

மதியம் முள் இரண்டாயிற்று.

கிளமென்ட்டின் கண் சிவந்தது. அடுத்த வயலில் பம்புசெட் ஓடும் சத்தம் கேட்டது. வரப்பில் வழுக்கி, முழங்கால் வரை சேறோடு போய் நின்றார்.

"மோட்டாரை நிறுத்துங்க!"

வயல்காரர் ராஜ்குமார் அசையவில்லை. "நடவு நேரம் சார். வானத்தைத்தானே பாத்துக்கிட்டு இருக்கீங்க? மழை எப்பன்னு சொல்லுங்க, நிறுத்திடுறேன்."

கத்தி, கெஞ்சி, கடைசியில் கொஞ்ச நேரம் நிறுத்தவைத்தார். திரையில் இரண்டு முள்ளும் அப்படியே நின்றன. திரும்பி வந்தவர் சேற்றுக் காலோடு கத்தினார்.

"சார், ஒரு விஷயம் சொல்லணும்..." என்று ஆஷிகா எழுந்தாள்.

"ஒரு மண்ணும் சொல்ல வேணாம்! இன்னிக்கு யாரும் வீட்டுக்கே போகக்கூடாது. எல்லாரும் இங்கேயே கிடங்க!"

ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சுற்றுவட்டாரத்தில் இனி மிச்சமிருந்தது டீக்கடை ஒன்றுதான். சாயங்காலம் கிளமென்ட் ரோட்டைத் தாண்டி அங்கே பாய்ந்தார்.

"பாய்! ஃப்ரிட்ஜா, மிக்ஸியா, என்ன ஓடுது இங்க? எல்லாத்தையும் நிறுத்துங்க! என் நாலு வருஷ உழைப்பு நாசமாப் போயிக்கிட்டு இருக்கு!"

சித்தீக் பாய் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"எங்கிட்ட என்ன சார் இருக்கு? கேஸ் அடுப்பும் ஒரு பல்பும்தான். வீட்ல இருந்த கரண்ட் அடுப்பு ரெண்டையும் உங்க ஆளுங்க கொட்டகைப் பின்பக்கமா ஆள் விட்டு வாங்கிக்கிட்டாங்க. நீங்க வெளிய விடுறதில்லையாமே, டீக்கு ஒண்ணு, சோத்துக்கு ஒண்ணு. இப்ப ராத்திரி தோசைக்கு இன்னொண்ணு வேணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. எங்க மச்சான் வீட்லேருந்து வாங்கி வச்சிருக்கேன், நீங்களே கையோட எடுத்துட்டுப் போயிடுறீங்களா?"