சுண்டு பார்க்கக் கூடாத படம்

மரியாதைக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நான் நலமில்லை. அங்கே உனக்கு முட்டி வலியும், அத்தானுக்கு உன் வாயும் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை உங்கள் ஊரில் ஒரு காதல் படம் வருகிறது. அதை என் மகள் சுண்டு பார்க்கக் கூடாது. அவள் வாரம் தவறாமல் உன் வீட்டுக்கு வந்து போவது எனக்குத் தெரியும், மறைக்காதே. அன்றைக்கு மட்டும் அவளை எங்கேயும் விடாதே. அலமாரியை ஒழிக்கச் சொல், உன் முட்டியைப் பிடித்துவிடச் சொல், என்னவோ செய்.

முப்பது வருடமாக வேற்று மொழிப் படங்களில் வரும் அப்பாக்களுக்கெல்லாம் நான்தானே குரல். அதுதான் வினை. அந்த வேறு நாட்டுக்காரனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சுண்டு வந்து நின்றபோது எனக்கென்று சொந்தமாக ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. "என் பொணத்தத் தாண்டிப் போ!" என்று கத்தினேன். "அப்பா, இது போன மாசம் நீங்க பேசின படத்துல வந்த வசனம்" என்றாள். பெட்டியை எடுத்தாள், போய்விட்டாள். பதினான்கு மாதம் ஆகிறது. அவள் அம்மா உயிரோடு இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேரையும் நாலு திட்டு திட்டி, ஒன்றாக உட்கார வைத்துச் சாப்பாடு போட்டிருப்பாள்.

இப்போது நான் குரல் கொடுக்க வந்திருக்கும் அந்தப் படமும் அதே கதைதான். ஒரு பெண், லிஃப்ட் ரிப்பேர் செய்யும் கண் காணாத தேசத்துப் பையன். இரண்டு குடும்பமும் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாமல் திட்டிக்கொள்கிறார்கள், அதற்கு ஜனங்கள் சிரிக்க வேண்டும். பெண்ணின் அப்பன் இரண்டு மணி நேரம் குதிக்கிறான். அத்தனையும் எனக்கு ஒரே டேக்கில் வந்தது. கடைசியில் ரயில் நிலையத்தில் மூன்றே விநாடியில் மனம் மாறி, மகள் பெயரைச் சொல்லி, "நல்லா இரும்மா" என்கிறான். அது வரவில்லை அக்கா. இருபத்தாறு டேக். டைரக்டர் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "சார், வாழ்த்துங்க சார், சாபம் விடாதீங்க" என்கிறார். இருமல் வேறு. தொண்டையில் ஏதோ வளர்ந்திருக்கிறது, திங்கட்கிழமை அறுக்கிறார்கள். அதற்குப் பிறகு குரல் வரலாம், வராமலும் போகலாம் என்று மழையைப் பற்றிச் சொல்வதுபோல டாக்டர் சொல்லிவிட்டார். இருபத்தேழாவது டேக்கில் கண்ணை மூடிக்கொண்டேன். "சுண்டு, நல்லா இரும்மா" என்று வந்துவிட்டது. படத்துப் பெண்ணுக்கு வாயில் நுழையாத வேறு ஏதோ பெயர். தப்பாகிவிட்டது, திரும்ப எடுங்கள் என்றேன். "வாய் அசைவுக்கு அப்படியே பொருந்துது சார், செல்லப் பேரா இருந்துட்டுப் போகட்டும்" என்று டைரக்டர் மைக்கை அணைத்துவிட்டார்.

ஊரே கேட்கட்டும், அவள் மட்டும் கேட்கக் கூடாது. பதினான்கு மாத வைராக்கியம் மூன்று விநாடியில் போய்விடும். என் மானம் உன் கையில் இருக்கிறது. அத்தானுக்கு வணக்கம். உன் பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசிகள். குரல் இருக்கும்போதே சொல்லிவிடுகிறேன்.

உன் அசட்டுத் தம்பி

பின்குறிப்பு: நேற்று ஸ்டுடியோ போனிலிருந்து அவளைக் கூப்பிட்டேன். "ஹலோ, யாரு?" என்று நாலு தடவை கேட்டாள். எதிரே திரையில் யாருடைய வாயும் அசையவில்லை, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். இந்தக் கடித உறைக்குள்ளே வெள்ளிக்கிழமைக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் வைத்திருக்கிறேன். அவளிடம் கொடு. படம் முடியும்வரை எழுந்திருக்க வேண்டாம் என்று சொல். மாப்பிள்ளைக்கு நம் மொழி தெரியாது. அந்த இடம் வரும்போது அவளே அவருக்கு எடுத்துச் சொல்லட்டும்.