பச்சை பட்டன்

"என்ன, கையக் கட்டிட்டு உக்காந்திருக்கீங்க?"

முதுகுக்குப் பின்னால் மேலாளரின் குரல் கேட்டதும் குமாஸ்தா விருட்டென்று எழுந்து நின்றார். மணி மூன்றுதான். அதற்குள் அன்றைய வேலையை முடித்துவிட்டார். அதுதான் அவர் செய்த குற்றம்.

மூன்று கிடங்குகளின் சரக்கு இருப்பை எக்செல்லில் கட்டம் கட்டமாக அடித்து, கூட்டி, ஒரே அறிக்கையாக்குவது அவர் வேலை. முன்பெல்லாம் முடிக்க இரவு எட்டாகிவிடும். வீட்டுக்குப் போனால் மகள் தூங்கியிருப்பாள். அவருக்கு 'ஞாயித்துக்கிழமை அப்பா' என்றே பெயர் வைத்துவிட்டாள் அந்தக் குட்டி. ஃபார்முலாவை ஒரே இழுப்பில் கடைசி வரி வரை நிரப்பவும், செய்த வேலையைத் தானே திரும்பச் செய்யும் மேக்ரோவை எழுதவும் மச்சானிடம் கெஞ்சிக் கற்றுக்கொண்டது அந்தப் பெயரை மாற்றத்தான்.

"முடிஞ்சிருச்சு சார்."

"நல்லதாப் போச்சு. பக்கத்து சீட்டு வேலையையும் பாருங்க."

பாராட்டுவார் என்று எதிர்பார்த்த மனிதரைத்தான் சொல்ல வேண்டும். அதற்கும் ஒரு மேக்ரோ எழுதினார். அடுத்த வாரம் பக்கத்து சீட்டே காலி. போகும்போது அந்த ஆள் பார்த்த பார்வையில் இவருக்குச் சோறு இறங்கவில்லை.

அதன்பிறகு புத்தி வந்தது. மதியமே வேலையை முடித்துவிட்டு, எட்டு மணி வரை நெற்றியைச் சுருக்கித் திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மேலாளருக்கு ஒரே பூரிப்பு.

மனைவிக்கு அப்படி இல்லை. "வேலைதான் மதியமே முடிஞ்சிருதே, அப்புறம் என்ன எட்டு மணி?"

"முடிஞ்சதுன்னு தெரிஞ்சா இன்னும் தலையில கட்டுவாங்க."

"அப்ப எதுக்கு மெனக்கெட்டுக் கத்துக்கிட்டீங்க? வெள்ளிக்கிழமை அவ பள்ளிக்கூடத்துல நாடகம். அன்னிக்கும் வரலன்னா அவளுக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க."

லீவு கேட்டார்.

"நீங்க இல்லன்னா ரிப்போர்ட்ட யாரு எடுப்பா?" என்றார் மேலாளர்.

அங்கேதான் மனிதருக்குக் கிறுக்குப் பிடித்தது. எல்லா மேக்ரோவையும் ஒன்றாகக் கோத்து, திரையில் பெரிதாக ஒரு பச்சை பட்டனை வைத்தார். வாசலில் நின்ற செக்யூரிட்டியைக் கையோடு அழைத்து வந்தார்.

"அண்ணே, இத அழுத்துங்க."

செக்யூரிட்டி பயந்து பயந்து அழுத்தினார். அறிக்கை வந்து நின்றது.

"பாத்தீங்களா சார்? யார் வேணாலும் செய்யலாம்."

மேலாளர் பட்டனையும் செக்யூரிட்டியையும் குமாஸ்தாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தாராளமாப் போயிட்டு வாங்க" என்றார்.

நாடகத்தில் மகளுக்கு மரம் வேஷம். அசையாமல் நிற்க வேண்டியவள், அப்பாவைக் கண்டதும் கிளையோடு சேர்த்துக் கையை ஆட்டினாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இனி தினமும் இப்படிச் சீக்கிரம் வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை செக்யூரிட்டி அவரை வாசலிலேயே மறித்தார். முகம் கொடுத்துப் பேச செக்யூரிட்டிக்கே சங்கடமாக இருந்தது.

"தப்பா நினைக்காதீங்க சார், உங்கள உள்ள விட வேண்டாம்னுட்டாங்க. போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. அந்தப் பச்சை பட்டன ஒரு தடவை அழுத்தினாப் போதுமா, ரெண்டு தடவையா?"