பூமாதேவிக்குச் சான்றிதழ் கொடுத்தவர்

எழுபத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் கால் வைக்க இடமில்லை. செங்கல்பட்டிலிருந்து தனி பஸ் விட்டார்கள். அத்தனை பேரும் பார்க்க வந்தது ஒரு பித்தளைச் செம்பை.

தணிகைவேல் சாமியார் பலகை மேடையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, "தாயே" என்பார். பம்பை மேளம் முழங்கும், கூட்டம் குதிக்கும், எதிரே பலகைமேல் இருக்கும் செம்பு கிடுகிடுவென்று ஆடும். பூமாதேவி நடுங்குகிறாளாம். ஐப்பசிக்குள் பூமி பிளக்குமாம். தப்பிக்க வேண்டுமானால் சாமியார் விற்கும் செப்புத் தகட்டை வீட்டின் நான்கு மூலையிலும் அஸ்திவாரத்துக்கு அடியில் தோண்டிப் புதைக்க வேண்டுமாம்.

அந்தக் கூட்டத்தில் ஜானகிராமனும் இருந்தார். அரசாங்கச் சம்பளம் வாங்கும் நிலவியல் நிபுணர். நிலத்தடிப் பாறையில் ஓடும் பிளவுகளைத் தேடி ஒரு வருஷமாகக் கரையோரம் அலைந்தவர். இங்கே பிளவு இருக்கிறது, என்றைக்காவது அதிரலாம், சுவரைப் பலமாகக் கட்டுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிப் பார்த்தார். கடைசியாகப் பேசிய கூட்டத்துக்கு வந்தவை இரண்டு ஆடுகள். தேதி சொல்லத் தெரியாதவன் பேச்சை யார் கேட்பார்கள்?

அன்று தன் அதிர்வுக் கருவியை மேடையருகே வைத்தார். செம்பு ஆடியது. கருவியின் முள்ளும் ஆடியது. தன் பிளவு கடைசியில் வாய் திறந்துவிட்டதென்று ஜானகிராமனுக்குப் புல்லரித்தது. மேடையேறி, சாமி சொல்வதைக் கருவியும் ஒத்துக்கொள்கிறது என்று அறிவித்தார். சாமியார் மாலை போட்டார். படித்தவரே சொல்லிவிட்டார் என்று தகடு இரண்டு மடங்கு விற்றது. நிபுணர் மாலையைக் கழற்ற மனமில்லாமல் அதோடு வீட்டுக்குப் போனார்.

மனைவி சகுந்தலா மாலையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "செம்பு ஆடினப்போ உங்க கால் ஆடிச்சா?"

கால் ஆடவில்லை என்பது அப்போதுதான் ஜானகிராமனுக்கு உறைத்தது. பம்பை முழங்க நூற்றுக்கணக்கான பேர் குதிக்கிற இடத்தில் கருவியை வைத்தால் முள் ஆடாமல் என்ன செய்யும்? கல்லூரி முதல் வருஷப் பாடம். மாலை விழுந்த கழுத்தைத் தாண்டி அது மேலே ஏறவில்லை.

மறுநாள் குப்பத்துக்கு ஓடினார். மீன் விற்கும் குப்பம்மாவின் சுவர் விழுந்து அவள் கால் முறிந்திருந்தது. பூகம்பம் வந்து அல்ல. தகடு புதைக்கத் தோண்டிய குழியால்.

"சாமியார நான் நம்பல சார். படிச்சவன் நீ சொன்னியேன்னுதான் தோண்டுனேன்" என்றாள்.

அவர் நேரே மேடைக்குப் போனார். டெல்லிக்கு அறிக்கை அனுப்ப இன்னொரு சோதனை வேண்டும் என்றார். டெல்லி என்றதும் சாமியாருக்கு வாயெல்லாம் பல். பம்பையை நிறுத்தி, எல்லோரையும் உட்காரச் சொல்லி, ஜானகிராமன் ஒரு டம்ளர் தண்ணீரையும் தன் கருவியையும் மேடைக்குப் பக்கத்தில் மணலில் வைத்தார்.

"தாயே" என்றார் சாமியார். செம்பு ஆடியது. டம்ளர் ஆடவில்லை. முள்ளும் ஆடவில்லை. அந்த அமைதியில் மேடைக்கு அடியிலிருந்து யாரோ இருமினார்கள்.

பலகையைப் புரட்டினால், குழிக்குள் சாமியாரின் ஆள் கருப்பன். முதுகால் பலகையை ஆட்டி ஆட்டி வேர்த்துப் போயிருந்தான்.

"காத்தாலேர்ந்து வயித்துக்கு ஒரு நாஸ்தா கூட குடுக்கல நைனா, ஒரே பேஜாரு" என்றான்.

அதற்குள் சாமியார் பஸ்ஸில் ஏறியிருந்தார்.

கூட்டம் ஜானகிராமனைச் சூழ்ந்தது. அப்படியானால் பூகம்பம் எப்போது வரும், அவரே தேதி சொல்லட்டும் என்றது.

"எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. முதல்ல குழியை மூடுங்க. இனிமே நானே சொன்னாலும், எப்படித் தெரியும்னு கேளுங்க" என்றார்.

பலருக்கு ஏமாற்றந்தான். நீங்களாவது கேளுங்கள். காவி கட்டியவனையும் கேளுங்கள், கண்ணாடி போட்டவனையும் கேளுங்கள். கேள்வி கேட்டதால் எவர் வீட்டுச் சுவரும் இடிந்ததில்லை.